காரணம் புலப்படாத நெஞ்சுவலியும் இயற்கை மருந்தும்

இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு நெஞ்சில் வலி தோன்றி, இசிஜி எடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பின்னும், அந்த வலி விட்டுவிட்டு வந்துகொண்டேயிருப்பது பரவலாகக் காணப்படும் ஒரு நிலை. அந்நிலையில் நோயர் செல்லும் வழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக அமைகிறது. கண்டறியப்படாத இதயநோய் உள்ளே இருக்கிறது என்ற அச்சத்தில் ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்குவோர் ஒரு சாரார். எல்லாம் வாயுத் தொல்லைதான் என்று முடிவுகட்டி, சுக்கு, பெருங்காயம், ஓமத் தண்ணீர், மருதம்பட்டை என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையெல்லாம் குடித்துப் பார்ப்போர் மற்றொரு சாரார். இவ்வுரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் பற்றியது. காரணம் தெரியாத வலி என்பது பெரும்பாலும் தேடல் பாதியில் நின்றுபோன வலி. இயற்கை மருந்துக்கு அதில் உண்மையான இடம் உண்டு, ஆனால் வலி எங்கே பிறக்கிறது என்பது தெரிந்த பிறகே அந்த இடம் எது என்பது விளங்கும். இக்கருத்தை நிறுவுவதே இதன் நோக்கம்.

வலி பிறக்கும் இடமும் தோன்றும் இடமும்

உடலின் மேற்பரப்பில் எழும் வலிக்கும் உள்ளுறுப்பில் எழும் வலிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. தோல், தசை, விலா எலும்பு, நுரையீரலைச் சூழ்ந்த உறையின் வெளிப்படலம் ஆகியவற்றில் எழும் வலியை நோயர் ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிட முடியும்; அது கூர்மையாகக் குத்தும்; மூச்சை இழுத்தாலோ உடலைத் திருப்பினாலோ கூடும். இதயம், உணவுக்குழாய் போன்ற உள்ளுறுப்புகளின் வலியோ விரலுக்கு அகப்படாது; உள்ளங்கையை விரித்தோ முட்டியை மடக்கியோ நெஞ்சின் நடுவில் வைத்துத்தான் நோயர் அதைக் காட்டுவார்; அழுத்தம், இறுக்கம், பாரம், அடைப்பு என்னும் சொற்களே அவர் வாயில் வரும்.

இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் புறப்படும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதியில் ஏறக்குறைய ஒரே மட்டங்களில் நுழைகின்றன; மார்புச் சுவர், கையின் உட்புறம் ஆகியவற்றின் நரம்புகளும் அதே மட்டங்களுக்கு வந்து சேர்கின்றன. ஆதலால் செய்தி எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. இதயத்தில் பிறந்த வலி இடக்கையில் தோன்றுவதும், உணவுக்குழாயில் பிறந்த வலி மாரடைப்பைப் போலவே தோன்றுவதும் இதனால்தான்.

எந்த மருந்துக்கு வலி அடங்கியது என்பதைக் கொண்டு காரணத்தைத் தீர்மானிக்கும் வழக்கமும் இங்கே பயன்படுவதில்லை. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இதயத்தின் இரத்தக்குழாயை விரிப்பதோடு உணவுக்குழாயின் தசையையும் தளர்த்துகிறது. ஆகவே அம்மாத்திரைக்கு வலி நின்றது என்பது இதயநோய்க்குச் சான்றாகாது. சோடா குடித்து ஏப்பம் விட்டதும் வலி குறைந்தது என்பதும் இதயம் நலமாக உள்ளதற்குச் சான்றாகாது. இதய இரத்தக்குழாய்ச் சுருக்கத்தால் வரும் வலி ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் தானாகவே தணியக்கூடியது; சோடா குடிப்பதற்காக உட்கார்ந்த நேரமே அந்த ஓய்வாக அமைந்துவிட, பெயர் சோடாவுக்குப் போய்விடுகிறது.

மருத்துவ வரலாற்றில் இச்சிக்கல்

உழைப்பின்போது வந்து ஓய்வில் நீங்கும் நெஞ்சு இறுக்கத்தைத் தெளிவாகப் பிரித்து எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் அவர் படித்து, 1772இல் அச்சான கட்டுரை, நடக்கும்போதும், அதிலும் மேட்டில் ஏறும்போதும், உணவு உண்டபின் நடக்கும்போதும் தோன்றி, நின்ற மாத்திரத்தில் நீங்கிவிடும் நோயை விவரித்து, அதற்கு 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்ற பெயரை வழங்கியது. நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்த ஒருவர் ஏறத்தாழக் குணமடைந்ததையும் அவர் பதிந்துவைத்திருக்கிறார். இந்நோய்க்கு மாத்திரைகள் இல்லாத அக்காலத்தில் அளவான உடலுழைப்பே மருந்தாகப் பயன்பட்டதற்கு அது சான்று.

இளைஞர்களின் காரணம் புலப்படாத நெஞ்சுவலி பெருமளவில் ஆராயப்பட்டது போர்க்காலங்களில்தான். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுவாங்கல், மிகுந்த களைப்பு ஆகியவற்றோடு வந்த இளம் படைவீரர்களைப் பிலடெல்பியாவில் இருந்த டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் ஜேக்கப் மெண்டஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். ஏறக்குறைய 300 பேரைப் பற்றிய குறிப்புகளின் அடிப்படையில் 1871இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இதயத்தின் அமைப்பில் குறை காணப்படாமலேயே இதயநோயின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்பதை நிலைநாட்டியது. முதல் உலகப் போரில் அதே நிலை 'படைவீரர் இதயம்' என்ற பெயரில் மீண்டும் தலைதூக்கியபோது, பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், இவ்வீரர்களைப் படுக்கையில் கிடத்தி வைப்பதைவிடப் படிப்படியாகக் கூட்டிச் செல்லும் உடற்பயிற்சியே ஏற்றது என்று கண்டு, 1918இல் நூலாகவும் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பால் வுட் ஆற்றிய உரைகள் அச்சத்துக்கும் மூச்சு ஓட்டத்துக்கும் இவ்வலியில் உள்ள பங்கை விளக்கின. மூவரும் கண்டது ஒன்றே: இதயத்தில் குறை இல்லை என்று தெரிந்த இடத்தில் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை, அங்கேதான் அது தொடங்கியது.

முதலில் விலக்க வேண்டியவை

இளையோருக்கு இதயநோய் வராது என்ற நம்பிக்கை, குறிப்பாகத் தெற்காசியாவில், ஆதாரமற்றது. 52 நாடுகளை உள்ளடக்கி 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை 2007இல் மேலும் பகுத்தபோது, இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதும், பிற நாடுகளில் அது ஏறக்குறைய 59ஆக இருப்பதும் தெரியவந்தது. சராசரியே இவ்வளவு முன்னதாக வரும்போது நாற்பதுக்குக் கீழும் சிலர் அதில் அடங்குவர் என்பது வெளிப்படை. புகையிலை, சர்க்கரைநோய், உயர் இரத்த அழுத்தம், பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு, நெருங்கிய உறவினருக்கு இளவயதில் மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வயதைக் காரணம் காட்டி நெஞ்சுவலியை ஒதுக்க இடமில்லை. பேறுகாலத்தை ஒட்டிய பெண்களிடம் இதய இரத்தக்குழாயின் உட்சுவர் தானாகவே கிழிந்து மாரடைப்பு வருவதும் உண்டு. அவர்களுடைய வலியைக் களைப்பு என்றும் கவலை என்றும் வீட்டார் தள்ளிவிடுவது ஆபத்தானது.

இதயத்தின் இரத்தக்குழாய் மட்டுமே ஆபத்தின் இருப்பிடமும் அன்று. காய்ச்சலுக்குப் பின் இதயத்தசையில் வரும் அழற்சி களைப்பும் மூச்சுத்திணறலுமாக வெளிப்படும். இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சியில், மல்லாந்து படுத்தால் வலி கூடி, எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். ஒல்லியாக உயர்ந்து வளர்ந்த இளைஞர்களிடம், அதிலும் புகைப்பவர்களிடம், நுரையீரலின் மேற்பகுதியில் உள்ள சிறு கொப்புளம் உடைந்து காற்று வெளியேறி நுரையீரல் சுருங்கிவிடுவதுண்டு. திடீரென்று ஒருபக்கம் குத்தி, மூச்சு வாங்கும். கால் முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தவர், கருத்தடை மாத்திரை உண்பவர் ஆகியோருக்குக் காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு மூச்சிழுக்கும்போது பக்கவலி இருந்தால், காசநோயால் நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது இந்தியாவில் இன்றும் தவிர்க்க முடியாதது. இதயத்தசை பரம்பரையாகத் தடித்துப்போகும் நோயில், விளையாடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வரும். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் நோயரே பிரித்தறிய வேண்டியதில்லை. எப்போது உடனே செல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தால் போதும். நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடித்துச் சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், மூச்சுத்திணறல், உழைக்கும்போது வந்து நின்றால் அடங்கும் வலி, முதுகைக் கிழிப்பதுபோல் திடீரென்று உச்சத்தில் தொடங்கும் வலி ஆகிய இவற்றில் எது இருந்தாலும் கஷாயம் வைக்கும் நேரம் வீண்நேரம். 108 ஆம்புலன்ஸை அழைப்பதே முதல் மருத்துவம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதற்கட்டமாகத் தரவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இருப்பில் வைக்கப்படுகின்றன. ஆகவே பெரிய மருத்துவமனை தொலைவில் இருப்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது.

மருத்துவமனையில் நடப்பது என்ன என்பதையும் அறிந்திருப்பது நன்று. இசிஜி என்பது இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் பதிவு. நோயர் வந்த பத்து நிமிடத்துக்குள் அதை எடுத்துப் படித்துவிட வேண்டும் என்பது விதி. ட்ரோபோனின் என்பது இதயத்தசை சிதையும்போது இரத்தத்தில் கசியும் புரதம். வலி தொடங்கிய உடனே அதன் அளவு உயர்ந்திருக்காது என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள். முதல் இசிஜி சரியாக இருந்தது என்று வீடு திரும்பிவிடுவது அரைகுறைப் பரிசோதனை.

இதயம் விலகிய பின் எஞ்சும் மூன்று இடங்கள்

ஆபத்தானவை நீங்கிய பின், இளையோரின் நெஞ்சுவலி பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் பிறந்ததாகவே காணப்படுகிறது: மார்புச் சுவர், உணவுக்குழாய், மூச்சும் மனமும் சேரும் இடம்.

மார்புச் சுவரில் முதன்மையானது விலா எலும்பும் குருத்தெலும்பும் இணையும் இடத்தில் வரும் அழற்சி. நெஞ்செலும்பின் ஓரமாக, இரண்டாவது முதல் ஐந்தாவது விலா வரையுள்ள இணைப்புகளில் விரலால் அழுத்தினால் நோயருக்குப் பழகிய அதே வலி எழும். அவ்விடத்தில் வீக்கமும் இருந்தால் அது டீட்சே நோய். ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே 1921இல் விவரித்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் பழகாத பளுவைத் தூக்கியவர், பல நாள் இருமியவர், கணினிமுன் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருப்பவர் ஆகியோரிடம் இத்தகைய வலி காணப்படும். ஊர்வழக்கில் மூச்சுப் பிடிப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த இனத்தைச் சேர்ந்தது. இடமார்பில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று தோன்றி, மூச்சை ஆழ இழுக்கவிடாமல் பிடித்து, சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்களுக்குள் சுவடின்றி மறையும் மற்றொரு வலியும் இளையோரிடம் உண்டு. 1955இல் மில்லர், டெக்சிடோர் என்னும் இருவர் விவரித்த அது முற்றிலும் தீங்கற்றது. ஒருபக்கமாகப் பட்டைபோல் எரிச்சலும் வலியும் வந்து, சில நாள் கழித்துக் கொப்புளம் எழுந்தால், அது அக்கி; கொப்புளம் எழுந்த மூன்று நாளுக்குள் தொடங்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையே அதிகப் பயன் தருவதாகையால், காவி பூசி அக்கி எழுதும் வழக்கத்தைப் பின்பற்றுவோரும் அதற்காக அந்நாள்களைக் கழித்துவிடலாகாது.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் தளர்ந்து, இரைப்பை அமிலம் மேலேறுவது எதுக்களிப்பு நோய். நெஞ்சு கரிப்பும் புளித்த ஏப்பமும் இருந்தால் அதைக் கண்டுகொள்வது எளிது. ஆனால் சிலரிடம் அவை இல்லாமல் வலி மட்டுமே இருக்கும். உணவைக் கீழே தள்ளும் அலை ஒழுங்கு குலைந்து குழாய் இறுகுவதால் வரும் பிடிப்பு வலி மாரடைப்பை அப்படியே ஒத்திருக்கும். சிலருடைய குழாயில் அமிலமும் இயல்பு, அசைவும் இயல்பு; நரம்பின் உணர்திறன் மட்டுமே மிகுந்து, பிறர் உணராத அசைவையும் வலியாக உணர்வர். இளையோர் கேள்விப்பட்டிராத காரணம் ஒன்றும் இங்கே உண்டு: முகப்பருவுக்கோ எலிக்காய்ச்சலுக்கோ தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால், அது குழாயின் நடுவில் ஒட்டிக் கரைந்து புண்ணாக்கிவிடும், மறுநாள் ஒவ்வொரு கவளத்துக்கும் நெஞ்சு வலிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் முழுவதும் குடித்து, அரைமணி நேரம் படுக்காமல் இருப்பதே அதற்குத் தடுப்பு.

மூன்றாவது இடம் மூச்சு. அச்சம் மேலிடும்போது மூச்சு விரைந்து, உடலிலிருந்து கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை உயர்ந்து, உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரமரப்பு, தலைச்சுற்றல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை தோன்றுகின்றன. இவை புதிய அச்சத்தை எழுப்ப, மூச்சு மேலும் விரைகிறது. சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, இப்போதே இறந்துவிடுவோம் என்ற உணர்வைத் தந்து தணியும் இந்நிலை திகில் தாக்கம் எனப்படும். இவ்வலி கற்பனை அன்று. விலாவிடைத் தசைகள் உண்மையாகவே களைத்து வலிக்கின்றன. இத்தகைய நெஞ்சுவலிக்கு உளவியல் சிகிச்சை, குறிப்பாக எண்ணத்தையும் நடத்தையையும் பயிற்சியால் மாற்றும் முறை, சிறிதளவு முதல் நடுத்தரம் வரையிலான பயன் தருவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன.

இவற்றோடு இரத்தசோகையையும் மறக்கலாகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். படியேறும்போது படபடப்பும் மூச்சுவாங்கலும் நெஞ்சில் ஒரு சோர்வும் உள்ள இளம்பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது எளிய, மலிவான முதல் படி.

இயற்கை மருந்தின் இடம்

இயற்கை மருந்து பயன்படுமா என்ற கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடை கிடையாது. எந்த வலிக்கு என்று கேட்டால் விடை உண்டு. இதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே சிறந்த எடுத்துக்காட்டு, மாநில மலரான செங்காந்தள். கண்வலிக் கிழங்கு என்று உழவர் அழைக்கும் இச்செடியைத் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலுள்ள கோல்சிசின் என்னும் வேதிப்பொருளுக்காக அது ஏற்றுமதியாகிறது. இதயவுறை அழற்சிக்கு அந்தக் கோல்சிசின் இன்று முதன்மையான மருந்துகளில் ஒன்று. வழக்கமான மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்ப வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. கொடுக்கும் அளவு நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் மட்டுமே. அதே செடியின் கிழங்கை வேறு கிழங்கென்று கருதித் தின்றவர்கள் வாந்தியிலும் கழிச்சலிலும் தொடங்கி, இரத்தம் உற்பத்தியாகும் எலும்புமச்சை பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். செடி ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். நோயைக் கண்டறிந்ததும் அளவை வரையறுத்ததுமே மருந்தை நஞ்சிலிருந்து பிரித்தன. ஆகவே இயற்கை என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. இயற்கை என்ற காரணத்தால் அது பயனற்றதாகிவிடுவதும் இல்லை.

மருதம்பட்டை பற்றியும் இந்த அளவுகோலைக் கொண்டே பேச வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று ஆயுர்வேதமும் சித்தமும் போற்றிய இப்பட்டையை, ஏற்கெனவே ஆஞ்சைனா உறுதிசெய்யப்பட்ட 58 ஆண்களிடம் சோதித்து 2002இல் வெளியான இந்திய ஆய்வு, வலி வரும் எண்ணிக்கை குறைந்ததாகவும் நடக்கும் திறன் கூடியதாகவும் கண்டது. பின்னர் இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடந்த சோதனையில் இதயத்தின் இரத்தம் இறைக்கும் திறன் உயரவில்லை. எனவே, மருத்துவர் மேற்பார்வையில் துணைமருந்தாக ஆராயத்தக்கது என்பதே மருதம்பட்டைக்கு இன்று தரக்கூடிய மதிப்பு. விலாவில் பிறந்த வலிக்கோ அச்சத்தில் பிறந்த வலிக்கோ அதைக் குடிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

உணவுக்குழாய் வலிக்கு வீட்டு மருந்துகள் பல. செரிமானக் கோளாறோடு கூடிய வயிற்று நோய்களைக் குன்மம் என்ற தலைப்பில் எட்டாகப் பகுத்த சித்த மருத்துவம், அவற்றுக்குச் சூரணங்களையும் பத்தியத்தையும் சேர்த்தே வகுத்திருக்கிறது. மக்கள் சூரணத்தை வைத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டார்கள். ஆய்வுகளில் உறுதியாக நிற்பது அந்தப் பத்தியத்தின் பக்கமே. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி, வயிறு முட்ட உண்ணாமை, மிகை எடையைக் குறைத்தல், புகையிலையை நிறுத்தல், இடப்பக்கமாகப் படுத்தல், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழ் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைத்தல் ஆகியவை அமிலம் மேலேறுவதைக் குறைக்கின்றன. தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும். அதனால் பயன் இல்லை. வயிறு உயர்ந்து தாழும்படி மூச்சுவிடும் பயிற்சி அமிலம் மேலேறுவதைக் குறைத்ததாக 2012இல் ஆஸ்திரியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு கண்டது. உணவுக்குழாயின் கீழ்முனையைச் சூழ்ந்து நிற்கும் உதரவிதானம் அப்பயிற்சியால் வலுப்பெறுவது அதற்கு விளக்கம்.

சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் கலந்த மோர் ஆகியவை உப்புசத்துக்கு இதம் தரும். சமையலில் சேரும் அளவில் அவற்றால் கேடில்லை. சுக்கும் இஞ்சியும் இரைப்பை விரைந்து காலியாக உதவக்கூடும், ஆனால் மிகுந்தால் அவையே நெஞ்சைக் கரிக்கும். புதினா எண்ணெய் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் என்பது உண்மை. அதே தளர்த்தும் தன்மையால் உணவுக்குழாயின் கீழ்முனைத் தசைவளையமும் நெகிழ்ந்து எதுக்களிப்பு கூடும் என்பதால், பிடிப்பு உள்ளவருக்கு நன்மையாவது எதுக்களிப்பு உள்ளவருக்குக் கேடாகிறது. வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து. அதிலுள்ள கிளிசிரைசின் என்னும் பொருள், நாள்தோறும் மிகுதியாக உண்டால், உடலில் உப்பைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைத்து, இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும். சமையல் சோடா ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வகுத்த உச்ச அளவே 2,000 மில்லிகிராம் என்பதை நினைத்தால், அதை அடிக்கடி கரைத்துக் குடிப்பது தக்கதன்று. பூண்டு, மஞ்சள் ஆகியவற்றைச் செறிவூட்டிய மாத்திரைகளாக உண்பவர், இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

விலா இணைப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடமும், வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும், வதக்கிய நொச்சி இலை ஒத்தடமும் உகந்தவை. தசை தளர்வதும் வலி மட்டுப்படுவதும் முதன்மையாக வெப்பத்தால் நிகழ்கின்றன. வாசற்கதவின் இரு நிலைகளிலும் முன்னங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல முன்னே கொண்டுசென்று தசையை நீட்டும் பயிற்சியும், அமரும் நிலையைத் திருத்துவதும் வலி திரும்புவதைக் குறைக்கும். சுளுக்கு என்று கருதி விலாவை அழுத்தி நீவுவது, அழற்சி உள்ள இணைப்பை மேலும் புண்படுத்தும்.

அச்சத்தில் பிறந்த வலிக்கு மூச்சே மருந்து. நிமிடத்துக்கு ஆறு முறை அளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளும்படி மெதுவாக மூச்சுவிடுவது, நாள்தோறும் நடப்பது, உறக்கத்தை ஒழுங்குபடுத்துவது, காப்பியையும் காஃபின் சேர்த்த ஊக்கபானங்களையும் குறைப்பது ஆகியவை இதற்கான இயற்கை மருத்துவம். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. நோய் உண்மையில் இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால், அம்முறை உயிர்க்காற்றைக் குறைத்துக் கேடு செய்யும்.

செய்ய வேண்டிய வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை தானே அமைகிறது. முதலில் ஆபத்தை விலக்க வேண்டும்; அதற்கு மருத்துவர், இசிஜி, தேவைக்கேற்ப மறுமுறை ட்ரோபோனின், மார்பு எக்ஸ்ரே, எக்கோ ஆகியவை உண்டு. அடுத்து, இதயம் நலம் என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்கு, வலி வந்த நேரம், நீடித்த அளவு, அப்போது செய்துகொண்டிருந்த செயல், கடைசியாக உண்டது, மூச்சிழுக்கும்போதும் அழுத்தும்போதும் வலித்ததா என்பது, அன்றைய மனநிலை ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்; பல பரிசோதனைகள் காட்டாததை அக்குறிப்பு காட்டிவிடும். மூன்றாவதாக, அக்குறிப்போடு மருத்துவரிடம் திரும்பிச் சென்று, இதயம் இல்லையென்றால் வேறு எது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2021இல் வெளியிட்ட நெறிமுறை, இன்னதென்று வகைப்படாத வலி என்று எழுதிவைப்பதைக் கைவிட்டு, இதயம் சார்ந்தது, சார்ந்திருக்கக் கூடியது, சாராதது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுமாறு மருத்துவர்களை வற்புறுத்துவது இதை ஒட்டியதே. நான்காவதாகவே மருந்து, அது அலோபதியாயினும் சித்தமாயினும், பிறப்பிடத்துக்குப் பொருந்தியதாகவும், ஒரு நேரத்தில் ஒன்றாகவும், சில வாரங்களுக்கு மட்டுமாகவும் இருந்தால்தான் பயன்பட்டதா இல்லையா என்பது தெரியும். ஐந்து மருந்தை ஒருசேர உண்டவர் எது குணப்படுத்தியது என்பதையும் அறியார், எது கெடுத்தது என்பதையும் அறியார். வலியின் தன்மை மாறினால், உழைப்போடு வரத் தொடங்கினால், எடை குறைந்தால், விழுங்குவது கடினமானால் வரிசையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இளையோரின் நெஞ்சுவலியில் பெரும்பகுதி உயிருக்குத் தீங்கற்றது, முறையாகத் தேடினால் காரணம் காணத்தக்கது, எளிய வழிகளால் தணியத்தக்கது. அந்த நற்செய்தியைப் பெறும் உரிமை, ஆபத்தில்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டவருக்கே உண்டு. ஆதலால் வீட்டில் எவரேனும் நெஞ்சு வலிக்கிறது என்றால், அஞ்சறைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இசிஜி எடுக்கச் செல்லுங்கள்; வாயு என்ற தீர்ப்பை மருத்துவர் வழங்கட்டும்.